உழைப்பாளரைப் பீடமேற்றிய சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்திரி

ஒரு நகரத்தின் நாற்சந்திகளிலும் பூங்காக்களிலும் நிற்கும் சிலைகளைச் சுற்றிவந்து பார்த்தால், அந்நகரம் யாரைப் பெரியோர் என மதித்தது என்பது புலனாகும். அரசர் ஆண்ட காலத்தில் அரசர் பீடமேறினர். சேனாபதிகள் நாடு பிடித்த காலத்தில் சேனாபதிகள் குதிரையோடு பீடமேறினர். இத்தகைய சிலைகள் மலிந்திருந்த ஒரு தேசத்திலே, இடுப்பில் ஒரு துண்டு மட்டும் அணிந்த நான்கு தொழிலாளரைக் கடற்கரையில் உயர்த்தி வைத்தார் ஒரு சிற்பி. சென்னை மெரினாக் கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை நம்மிற் பலர் நேரிற் கண்டிருப்பர். நேரிற் காணாதோர் சினிமாப் படங்களிலாயினும் கண்டிருப்பர். அதைச் செய்த கரங்கள் எவருடையவை என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. தேவி பிரசாத் ராய் சௌத்திரி என்னும் அப்பெரியாரின் வாழ்க்கையை நம் சங்கத்து இளைஞருக்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அன்னார் 1899ஆம் ஆண்டு சூன் மாதம் 15ஆம் திகதி, இன்று வங்காளதேசத்திலுள்ள ரங்கப்பூரைச் சேர்ந்த தாஜ்ஹாட் என்னும் ஊரிலே, செல்வம் மிக்க சமீன்தார் குடும்பத்திற் பிறந்தார். பிறப்பினால் அவர் உழைப்பாளர் வர்க்கத்தைச் சேர்ந்தவரல்லர் என்பதை வாசகர் முதலிலேயே மனத்திற் கொள்ளல் வேண்டும். ஓவியக் கலையை அவனீந்திரநாத் தாகூரிடமும், சிற்பக் கலையை இலண்டனிற் பயின்று திரும்பிய ஹிரண்மய ராய் சௌத்திரியிடமும் கற்றார். இவ்விரு குருமாரும் இரு வேறு திசைகளைக் காட்டியவர்கள். முன்னவர் மேனாட்டு முறையை விலக்கி, பாரத நாட்டின் பழைய ஓவிய மரபுக்கு மீளவேண்டும் என நின்றவர். பின்னவர் உயிருள்ள மனிதனை எதிரே நிறுத்தி, அவன் எலும்பும் தசையும் உள்ளவாறே மண்ணில் வடிக்கும் மேனாட்டு முறையைக் கற்பித்தவர். நம் கலைஞர் தூரிகையைப் பிடித்தபோது முதலாம் குருவின் மாணாக்கராகவும், களிமண்ணைப் பிடித்தபோது இரண்டாம் குருவின் மாணாக்கராகவும் விளங்கினார். இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது களிமண்ணாலேயே.

1929இல் சென்னை ஓவியக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்ற ஆங்கில வைத்தியர் தொடங்கிய பள்ளி அது. எண்பது ஆண்டுகளாக அதன் தலைமை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. முதன்முதலாக ஓர் இந்தியர் அவ்வாசனத்தில் அமர்ந்தார்.

அவர் வந்து சேர்ந்த சென்னை எத்தகையது? மவுண்ட் ரோட்டிலே கர்னல் நீலின் சிலை நின்றது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது சென்னைப் படையுடன் வடக்கே சென்று, அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்டவரையெல்லாம் தூக்கிலிட்டுக் கொடுமை புரிந்து, இலட்சுமணபுரியில் மாண்ட சேனைத் தலைவன் அவன். 1927இல் அச்சிலையை அகற்றக் கோரித் தமிழ்நாட்டு இளைஞர் சத்தியாக்கிரகம் செய்து அணி அணியாகச் சிறை புகுந்தனர். பின்னாளில் முதலமைச்சரான காமராசர் அக்காலத்தில் அப்போராட்டத்தில் ஈடுபட்ட இளந்தொண்டர். ஆயினும் சிலை அசையவில்லை. பத்தாண்டுகள் கழிந்து 1937இல் இராசாசியின் அமைச்சரவை ஏற்பட்ட பின்னரே அது நூதனசாலைக்குள் ஒதுக்கப்பட்டது. எனவே, நம் சிற்பி சென்னையில் காலடி வைத்தபோது, தெருவில் நிற்கும் வெண்கலம் வெறும் அலங்காரமன்று, அதற்காக மனிதர் சிறை செல்வர் என்பதை அந்நகரம் நன்கு அறிந்திருந்தது.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அக்கலைப்பள்ளியிற் பணியாற்றினார். கைத்தொழிற் பொருள்கள் செய்வதிலேயே பெரிதும் ஈடுபட்டிருந்த பள்ளி அவர் காலத்தில் ஓவியரையும் சிற்பிகளையும் உருவாக்கும் நிலையமாக மாறிற்று. பிற்காலத்திற் சோழமண்டலம் கலைக் கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர், சிற்பி தனபால், வங்காளத்திலிருந்து அவரைத் தேடி வந்த பிரதோஷ் தாஸ்குப்தா, பரிதோஷ் சென் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். இவர்களில் ஒருவருடைய படைப்பும் குருவின் படைப்பைப் போல இராது. நல்லாசிரியர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை என்பது எம் கருத்து. மனிதரோ பலே மனிதர்! மல்யுத்தம் பழகியவர், துப்பாக்கி தூக்கி வேட்டைக்குப் போனவர், புல்லாங்குழல் வாசித்தவர், வங்க மொழியிற் சிறுகதைகள் எழுதியவர். மல்யுத்தம் பழகியவர் என்பதை வாசகர் மறவாதிருக்க. அவர் செய்த உருவங்களின் தோளையும் முதுகையும் காணும்போது அது நினைவுக்கு வரும்.

சிலை செய்யும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லாமற் செல்ல முடியாது. நம் ஆலயங்களிலுள்ள விக்கிரகங்களை ஸ்தபதிகள் தாலக் கணக்கின்படி, முக நீளத்தை அளவாகக் கொண்டு வகுத்து, முதலில் மெழுகில் உருவாக்குவர். அதன்மீது மண் பூசிச் சூடாக்கி, மெழுகு உருகி வெளியேறியபின் அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பர். தெய்வ வடிவத்தில் நரம்பும் தசையும் தோன்றலாகாது என்பது மரபு. தெய்வத்துக்கு களைப்பு ஏது? ராய் சௌத்திரி கையாண்ட முறை வேறு. இரும்புக் கம்பிகளாற் கூடொன்று கட்டி, அதன்மேற் களிமண்ணை அப்பி, எதிரே நிற்கும் ஆளைப் பார்த்துப் பார்த்துக் கைவிரலால் அழுத்தி உருவாக்குவார். அதிலிருந்து சாந்தினால் அச்செடுத்து, பின்னரே வெண்கல வார்ப்பு. விரல் பதிந்த தடம் வெண்கலத்திலும் அழியாது நிற்கும். பிரான்சு தேசத்து ரோடானின் சிற்பங்களிலும் இந்தத் தடங்களைக் காணலாம். நம் சிற்பியின் உள்ளத்தை ரோடான் கவர்ந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. களைப்படையும் உடம்பு, வியர்க்கும் உடம்பு, விழுந்துவிடக் கூடிய உடம்பு - இதுவே அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த வேலைகள் பெரும்பாலும் பிரமுகர்களின் உருவச் சிலைகளே. ஆங்கில அரசு 1937இல் அவருக்கு எம்.பி.ஈ. பட்டம் அளித்தது, அவரும் பெற்றுக்கொண்டார். இதைக் கொண்டு அவரைக் குறை கூறுவாரும் உளர். கம்பியும் வெண்கலமும் வாங்கப் பணம் வேண்டும். பணம் உள்ளவன் தன் முகத்தைத்தான் கேட்பான். ஓவியன் பட்டினி கிடந்தும் படம் வரையலாம். பன்னிரண்டடி வெண்கலச் சிலையைப் பட்டினி கிடந்து செய்ய முடியாது. ஆயினும் அக்காலத்திலேயே அவர் மனம் சென்ற திசை தெளிவாகத் தெரிகிறது. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் 1936 நவம்பர் 12ஆம் திகதி, அரசின் ஆளுகையிலுள்ள ஆலயக் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட பிரகடனத்தை வெண்கலப் புடைப்புச் சிற்பமாக்கினார். ஓர் அரசனின் ஆணை சிற்பமாவது புதிதன்று. ஆயினும் எந்த ஆணை என்பதை நோக்குக. 1943இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டி இருபது, முப்பது இலட்சம் மக்களை மாய்த்தது. பிறந்த நாட்டின் அத்துயரத்தைப் பசியால் வாடியோர் உருவில் வெண்கலத்தில் வார்த்தார்.

இனி, அவர் செய்தவற்றுள் எம் உள்ளத்தை அதிகம் வருத்தியதும் உயர்த்தியதுமான ஒன்றைக் கூறுவோம். பீகார் மாகாணத்துத் தலைநகரான பாட்னாவிலே, தலைமைச் செயலகத்தின் எதிரில் அது நிற்கிறது. 1942 ஆகஸ்டு 8ஆம் திகதி பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிற்று. மறுநாளே தலைவர்கள் சிறைப்பட்டனர். 11ஆம் திகதி பாட்னா மாணவர் கூட்டமொன்று தேசியக் கொடியைச் செயலகத்தின்மீது ஏற்றப் புறப்பட்டது. பொலீசார் சுட்டனர். எழுவர் மாண்டனர். அவ்வெழுவரில் சகத்பதி குமார் ஒருவரே கல்லூரி மாணவர். எஞ்சிய அறுவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பிற் படித்தோரும் அவர்களுள் இருந்தனர். அன்று மாவட்ட அதிகாரியாக இருந்து சுடுமாறு பணித்தவர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர். பிற்காலத்தில் இலண்டன் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் இந்தியக் கலைப் பகுதிக்குப் பொறுப்பாளராகி, இந்திய ஓவியங்களைப் பற்றி நூல்கள் பல எழுதிப் புகழ் பெற்றவரும் இதே ஆர்ச்சர்தான். இந்தியாவின் ஓவியங்களை நேசித்தவர் இந்தியாவின் பிள்ளைகளை அன்று எவ்வாறு நோக்கினார் என்பது எமக்கு விளங்கவில்லை.

சுதந்திரம் பிறந்த 1947 ஆகஸ்டு 15ஆம் திகதியே அவ்விடத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. சிற்பப் பணி ராய் சௌத்திரியிடம் வந்தது. எழுவர் உருவங்களையும் அவர் வரிசையாக நிறுத்தி வைக்கவில்லை. முன்னே செல்பவன் கொடியை ஏந்தி நிற்கிறான். பின்னே வருபவர் சாய்கின்றனர், விழுகின்றனர், விழுந்தும் முன்னோக்குகின்றனர். குண்டு பாய்ந்த அந்த ஒரு நொடியே ஏழு உடல்களில் நிற்கிறது. வெண்கல வார்ப்பு இத்தாலியில் நடந்து, கப்பலேறி வந்து சேர்ந்தது. 1956 அக்டோபரில் இந்தியக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதனைத் திறந்து வைத்தார். துப்பாக்கி வெடித்த அன்று அவர் அதே பாட்னா நகரத்துப் பாங்கிப்பூர்ச் சிறையில் இருந்தவர். இரண்டு நாட்களுக்கு முன்னரே அவரைப் பிடித்து அடைத்திருந்தனர்.

கொடி ஏந்தும் வெண்கல மனிதர் என்றவுடன், உலகச் செய்தி அறிந்த வாசகருக்கு அமெரிக்கச் சிலையொன்று ஞாபகம் வரலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் யப்பானின் ஐவோ ஜீமாத் தீவிலே, 1945 பெப்ரவரி 23ஆம் திகதி மலையுச்சியில் அறுவர் அமெரிக்கக் கொடியை நட்டனர். அதைப் பிடித்த புகைப்படத்தைக் கண்ட பெலிக்ஸ் டி வெல்டன் என்ற சிற்பி, வாஷிங்டன் அருகே ஆர்லிங்டனில் முப்பத்திரண்டு அடி உயர உருவங்களாக அதனை அமைத்தார். 1954 நவம்பரில், பாட்னாச் சிலைக்கு இரண்டே ஆண்டுகள் முன்னர், அது திறக்கப்பட்டது. இரண்டிலும் கொடி, இரண்டிலும் இளைஞர், இரண்டிலும் பலர் உடல் ஒரே உடலாய்ப் பின்னி நிற்கும் அமைப்பு. ஐவோ ஜீமா அறுவரில் மூவர் அத்தீவிலேயே மாண்டதும் உண்மை. ஆயினும் அவர்கள் ஆயுதம் ஏந்திய சேனையினர். கொடி உச்சியில் ஏறிவிட்டது. பாட்னா எழுவரிடம் ஆயுதமில்லை. கொடி இன்னும் வழியிலேயே நிற்கிறது. அமெரிக்காவிலும் போர்ச் சின்னங்கள் எல்லாம் சேனாபதிகளுக்கே என்று நினைத்துவிடலாகாது. பொஸ்டன் நகரில் 1897இல் செயின்ட் கோடன்ஸ் என்ற சிற்பி, அடிமைத்தனத்தை ஒழித்த உள்நாட்டுப் போரில் மாண்ட கர்னல் ஷாவுக்குச் சின்னம் அமைத்தபோது, குதிரைமேல் அமர்ந்த கர்னலின் பக்கத்தில் நடந்து செல்லும் கறுப்பினப் போர்வீரரையும் தனித்தனி முகத்தோடு செதுக்கினார். அதற்கு அவர் செலவிட்ட காலம் பதினான்கு ஆண்டுகள். ராய் சௌத்திரியோ குதிரையையும் கர்னலையும் முற்றாக நீக்கிவிட்டார்.

மெரினாச் சிலைக்கு வருவோம். 1959 சனவரி 25ஆம் திகதி, குடியரசு தினத்துக்கு முதல் நாள், அது கடற்கரையில் நிறுவப்பட்டது. நான்கு ஆட்கள் பெரும் பாறையொன்றைப் பெயர்க்க முயல்கின்றனர். அவர்களுக்கு மாதிரியாக நின்றோர் கலைக்கல்லூரியின் காவலாளியும் மாணவர் ஒருவரும் என்பர். சமீன்தார் வீட்டுப் பிள்ளை, தன் பள்ளி வாயிலைக் காத்த மனிதனை அழைத்து நிறுத்தி, அவன் முதுகைப் பார்த்துச் செய்த சிலை! இந்தியாவிலே முதன்முதல் மே தினம் கொண்டாடப்பட்டதும் சென்னைக் கடற்கரையிலேயாம். 1923இல் சிங்காரவேலர் அதனை நடத்தினார். அந்த மணலில் உழைப்பாளருக்குச் சிலை எழ முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. இதன் மற்றொரு வார்ப்பு தில்லியிலுள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் உண்டு.

இச்சிலையை விளங்கிக்கொள்ள நாம் சென்னைக்குப் போகவேண்டியதில்லை. நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டிவரையும், அப்பால் உடப்புவரையும் கரைவலை இழுக்கும் இடத்திற் போய் நிற்க. குதிகாலை மணலிற் புதைத்து, உடம்பைப் பின்னே சாய்த்து, கயிற்றை இடுப்பால் இழுப்போரை நோக்குக. ஒருவன் பலம் தளரும்போது மற்றவன் பலம் ஏறுகிறது. அதற்காகவே அம்பா பாடுகின்றனர். மெரினாச் சிலையிலும் நால்வரும் ஒரே மாதிரி நிற்கவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு வகையிற் பாரத்தை வாங்குகின்றனர். தனித்து நிற்பவன் ஒருவனுமில்லை. இன்னொன்றையும் கவனிக்க: பாறை இன்னும் பெயரவில்லை. உழைப்பின் வெற்றி என்று அதற்குப் பெயர். ஆயின் சிற்பி காட்டியது வெற்றிக்கு முந்திய கணத்தையே. கரைவலையிலும் மடி கரையேறும்வரை அதில் மீன் உண்டோ சருகு உண்டோ என்பது இழுப்பவனுக்குத் தெரியாது.

இத்துணை புகழ்ந்தபின் எம் மனத்திலுள்ள இரு குறைகளையும் சொல்லிவிடுதல் நேர்மை. முதலாவது, அந்நால்வரின் உடம்பு. அவை மல்லர் உடம்புகள். தோள்கள் திரண்டு கிடக்கின்றன. நம் கரையில் வலையிழுப்போனுக்கும், வெங்காயத் தோட்டத்தில் நீர் பாய்ச்சுவோனுக்கும் அத்தகைய தோள் இல்லை. ஒட்டிய வயிறும் புடைத்த நரம்புமே உண்டு. பஞ்சத்தால் வாடியோரை அத்துணை உண்மையாகக் காட்டியவர், உழைப்பாளரைக் காட்டும்போது தம் மற்களத்துத் தோழர்களை நினைந்துவிட்டார் போலும். இரண்டாவது, நால்வரும் ஆண்கள். சென்னைப் பட்டினத்திற் கல்லும் சாந்தும் சுமந்து கட்டடம் எழுப்பிய கைகளிற் பாதி பெண்களுடையவை. அவர்களுக்கு அப்பாறையில் ஓர் இடம் இருந்திருக்கலாம். இக்குறைகளாற் சிலையின் பெருமை குன்றாது. ஆயினும் கண்டதைச் சொல்லல் வேண்டும்.

காந்தியடிகளை அவர் பலமுறை செய்தார். 1959இலேயே மெரினாவில் நேருவால் திறந்து வைக்கப்பட்ட காந்தி சிலையும் அவருடையதே. ஆகவே ஒரே கடற்கரையில், சற்றுத் தொலைவில், உழைப்பாளரும் காந்தியும் ஒரே கையால் நின்றனர். கல்கத்தாவிலே சௌரங்கி வீதிச் சந்தியில், 1857இன் மற்றொரு சேனாபதியான அவுட்ராம் குதிரைமேல் திரும்பிப் பார்க்கும் புகழ்பெற்ற சிலையொன்று இருந்தது. சிற்ப வேலையிற் சிறந்தது என ஆங்கிலேயர் கொண்டாடியது அது. அதனை அகற்றிய இடத்தில் 1958இல் நிறுவப்பட்டது ராய் சௌத்திரி செய்த காந்தி. ஆயிரக்கணக்கானோரை ஏவிய குதிரை வீரன் நின்ற இடத்தில், கோலூன்றி நடக்கும் கிழவர்! அவர் காந்தியை எப்பொழுதும் நடக்கவே வைத்தார்.

புதிய இந்தியா அவரை நன்றாகவே மதித்தது. 1954இல் லலித கலா அக்காதெமி அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. 1958இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968இல் இரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று. பட்டங்களைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை.

முதுமையில் அவர் கைக்கொண்ட பெரும்பணி தண்டி யாத்திரை. உப்பு விளையும் புத்தளப் பகுதியைச் சேர்ந்த நமக்கு அதன் பொருள் எளிதிற் புரியும். கடல்நீர் காய்ந்து தானே உறையும் உப்பை அள்ள வரி கேட்ட அரசை எதிர்த்து, காந்தி 1930 மார்ச்சு 12ஆம் திகதி சபர்மதியிலிருந்து புறப்பட்டு, 240 மைல் நடந்து, ஏப்பிரல் 6ஆம் திகதி தண்டிக் கரையில் ஒரு பிடி உப்பை அள்ளினார். அதே மாதத்தில் இராசாசி தமிழ்த் தொண்டரோடு நமக்கு எதிர்க்கரையிலுள்ள வேதாரணியத்துக்கு நடந்தார். ராய் சௌத்திரி அமைத்த சிற்பத்திற் பதினொருவர் உளர். முன்னே காந்தி, பின்னே பத்துப் பேர், பல வயதினர், பல மதத்தினர், பல பிரதேச உடையினர். இங்கே பெண்களும் உண்டு என்பதை மகிழ்வுடன் குறிப்பிடுகின்றோம்.

அது நிறுவப்பட்டதை அவர் காணவில்லை. 1975 அக்டோபர் 15ஆம் திகதி, எழுபத்தாறாம் வயதில் காலமானார். ஏழு ஆண்டுகள் கழிந்து, 1982இல், தில்லியிற் சர்தார் பட்டேல் வீதியின் ஓரத்தில் அப்பதினொருவரும் நிறுத்தப்பட்டனர். தில்லி மக்கள் அதனைப் பதினொரு உருவச் சிலை என்னும் பொருள்பட இந்தியிலே க்யாரா மூர்த்தி என்பர். 1990களின் பிற்பகுதியில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அக்காட்சியே அச்சாயிற்று. 2016 நவம்பரில் அந்நோட்டு செல்லாதெனும் அறிவிப்பு வரும்வரை, கோடிக்கணக்கானோர் கைகளிலும் மடிகளிலும் அப்பதினொருவர் நடந்து திரிந்தனர். அதிற் சிற்பியின் பெயர் இல்லை.